மகா சங்கமம்: யாரும் கலக்காத கூடுதுறை

பொங்கலோ தீபாவளியோ நெருங்கிவிட்டால், அல்லது டிஆர்பி கொஞ்சம் சரிந்துவிட்டால், தொலைக்காட்சியில் ‘மகா சங்கமம்’ விளம்பரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டு தொடர்களின் குடும்பங்களும் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக ஒரே வீட்டு வாசலில் நிற்பார்கள். இரண்டு அரைமணி நேரம் சேர்ந்து ஒருமணி நேரம் ஆகும். விஜய் டிவியில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ குடும்பமும் ‘பாக்கியலட்சுமி’ குடும்பமும் இப்படிக் கலந்தன. ‘பாரதி கண்ணம்மா’வும் ‘ராஜா ராணி 2’ தொடரும் கலந்தன. சன் டிவி மூன்று தொடர்களைக் கோத்து ‘திரிவேணி சங்கமம்’ என்றே பெயர் வைத்தது. கங்கை, யமுனை, கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதி என்று பெயரிலேயே தீர்த்தம் தெளித்தாகிவிட்டது.

இதன் வியாபாரக் கணக்கு எளிது. எட்டு மணித் தொடர் பார்க்கிறவரை எட்டரை மணித் தொடருக்கும் நகர்த்த வேண்டும். ஒன்று ஓடுகிறது, இன்னொன்று நொண்டுகிறது என்றால் ஓடுவதன் தோளில் நொண்டுவதை ஏற்றிவிடுவார்கள். கடைக்காரர் புது சோப்பைப் பழைய சோப்போடு சேர்த்துக் கட்டி விற்பது போலத்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை ‘சங்கமம்’ என்ற சொல்லோடு.

எங்கள் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாறு வைகையில் கலக்கிறது. ஒன்று கேரள மலையிலிருந்து வருகிறது, மற்றது வருசநாட்டு மலையிலிருந்து. வேறு வேறு இடத்தில் பிறந்தவை சேர்ந்தால்தான் அதற்குப் பெயர் கூடல். மகா சங்கமத்தில் சேர்கிற இரண்டு குடும்பங்களும் எங்கே பிறந்தவை? இரண்டு வீட்டிலும் அதே பூஜையறை, அதே குத்துவிளக்கு, அதே கூடம், அதே மாமியார். ஒரு வீட்டுத் திருமணத்துக்கு இன்னொரு வீடு சீர்வரிசைத் தட்டோடு வரும். பொங்கல் பானை பொங்கும். இரண்டு அண்ணன்மார்கள் தோளில் கைபோட்டுக்கொள்வார்கள். யாருடைய சாதியும் சொல்லப்படாது. ஆனால் இந்த இரண்டு வீடுகளுக்கு இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் எந்தச் சிக்கலும் வராது என்பது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். சாதியின் பெயரை மட்டும் அழித்துவிட்டுச் சாதியின் வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். அகமணத்துக்கு இதைவிட மலிவான விளம்பரப் படம் எடுக்க முடியாது.

குடும்பத் தொடர்கள் அப்படித்தான் இருக்கும், மருத்துவமனைத் தொடர்கள் வேறு மாதிரி என்று தோழர் ஒருவர் சொன்னார். மருத்துவமனை ஒரு பொது இடம், அங்கே நோய்தான் கதை, பிறப்பு அங்கே முக்கியமில்லை என்பது அவர் வாதம். அவர் தமிழ் மருத்துவமனைத் தொடர்களைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

‘பாரதி கண்ணம்மா’வை எடுத்துக்கொள்வோம். 2019இல் தொடங்கி 2023 வரை ஓடியது. மலையாளத்தின் ‘கருத்தமுத்து’தான் மூலம். கதாநாயகன் மருத்துவர். அவருடைய நண்பியாக வந்து எல்லாச் சூழ்ச்சியும் செய்யும் வெண்பாவும் மருத்துவர். பிற்பாடு கண்ணம்மாவும் மருத்துவமனையிலேயே வேலைக்கு வந்துவிடுகிறார். பாதிக் கதை மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் நடந்தது. அங்கே என்ன நோய்க்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? நினைவில் நிற்பது ஒன்றுதான்: பிள்ளை யாருக்குப் பிறந்தது? தன்னால் தகப்பனாக முடியாது என்று நம்பி மனைவியைச் சந்தேகித்த ஒரு மருத்துவர், டிஎன்ஏ பரிசோதனை என்ற ஒன்றை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார். ‘ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துத் தொலைங்கப்பா’ என்று நாடே மீம் போட்டது. கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்ததற்கும் மீம் போட்டோம், சிரித்தோம். சிரித்ததில் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். நவீன மருத்துவத்தின் மொத்தக் கருவிகளும் அந்தத் தொடரில் ஒரே வேலைக்குத்தான் பயன்பட்டன: பெண்ணின் கற்பையும் பிள்ளையின் வித்தையும் சோதிக்க.

அடுத்தது ‘ஹார்ட் பீட்’. 2024 மார்ச்சில் ஹாட்ஸ்டாரில் வந்த இணையத் தொடர். இளைஞர்கள் கொண்டாடிய தொடர், நம்மில் பலர் ஒரே மூச்சில் பார்த்தது. நடிப்பு நன்றாக இருக்கிறது, பயிற்சி மருத்துவர்களின் தூக்கமில்லாத இரவுகள் ஓரளவு உண்மையாக இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் முதுகெலும்பு என்ன? தன்னைப் பெற்றுப் பிரிந்த தாய் அதே மருத்துவமனையின் மூத்த மருத்துவர் என்று அறிந்த இளம் மருத்துவரின் கதை. மறுபடியும் ‘யார் பெற்றது?’ அங்கே தகப்பன் யார் என்ற கேள்வி, இங்கே தாய் யார் என்ற கேள்வி.

விஜய் டிவியும் ஹாட்ஸ்டாரும் ஒரே குழுமத்தின் கையில் இருப்பவை. எனவே ஒரு கற்பனை. வரும் பொங்கலுக்கு இந்த இரண்டு மருத்துவக் கதைகளையும் சேர்த்து மகா சங்கமம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருத்துவமனை ஊழியர்களும் ஒரே வளாகத்தில் பொங்கல் வைக்கிறார்கள். கோலப்போட்டி நடக்கிறது. நடுவில் ஒரு விபத்து, ரத்தம் தேவைப்படுகிறது, ரத்த வகை பொருந்துகிறது, அதிலிருந்து ஒரு சந்தேகம் முளைக்கிறது, கடைசியில் ஓர் உறைக்குள் டிஎன்ஏ முடிவு. உறையைப் பிரிக்கும் முகத்தில் ‘தொடரும்’. இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்கும் ஆகாது. ஏனென்றால் தமிழ்த் தொலைக்காட்சியில் மருத்துவமனை என்பது வீட்டின் இன்னொரு அறை. பிறப்பைச் சரிபார்க்கும் அறை.

பிறப்பைச் சரிபார்ப்பதற்கு நம் சமூகத்தில் வேறொரு பெயர் உண்டு. இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பெயரை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

(எங்கள் ஊர் கோம்பையின் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவது நாயால்தான். 2020இல் பிரதமரே வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு எங்கள் நாயையும் குறிப்பிட்டார். ‘கோம்பையா? ஒரிஜினல் குட்டி கிடைக்குமா? ரத்தம் கலக்காததா இருக்கணும்’ என்று கேட்காத வெளியூர் நண்பர் குறைவு. கலக்காத ரத்தத்தின் மேல் உள்ள ஆசை நாயோடு நின்றிருந்தால் நான் ஏன் இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன்.)

பண்டிகைக்கு இரண்டு மருத்துவத் தொடர்களைச் சேர்க்கும் வழக்கம் நாம் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டனில் பிபிசி 2004 கிறிஸ்துமஸ் காலத்தில் ‘கேஷுவல்டி’, ‘ஹோல்பி சிட்டி’ என்ற தன் இரண்டு மருத்துவத் தொடர்களையும் சேர்த்து ஒளிபரப்பியது. அந்த இரண்டும் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் நம்முடைய வறுமை புரியும். ‘கேஷுவல்டி’ 1986இல் தொடங்கியது. தாட்சர் ஆட்சியில் பொதுச் சுகாதாரச் சேவை வெட்டப்படுவதைப் பார்த்துக் கோபம்கொண்ட ஜெரமி பிராக், பால் அன்வின் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது. இரவு நேர அவசரப் பிரிவுதான் களம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கதை மாந்தர்கள். அதன் மையப் பாத்திரமான சார்லி ஓர் ஆண் செவிலியர், மருத்துவர்கூட இல்லை. 1986இல் வந்தவர் 2024 வரை இருந்தார். ‘ஹோல்பி சிட்டி’ 1999இல் அதிலிருந்து கிளைத்தது; அதே கற்பனை மருத்துவமனையின் மேல்தள அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளின் கதை. எனவே இரண்டும் சேர்ந்தபோது கீழ்த்தளம் மேல்தளத்தைச் சந்தித்தது. ஸ்ட்ரெச்சர் எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அந்தச் சங்கமத்தின் பாதை. அரசு மருத்துவமனை ஒன்றின் இரண்டு தளங்கள் சந்தித்தன.

பிரிட்டன் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. அந்தத் தொடர்களிலும் காதல், கள்ளக்காதல், வெடிவிபத்து எல்லாம் உண்டு. அங்கே பொது மருத்துவமனைகளைத் தூக்கி நிறுத்திய கறுப்பினச் செவிலியர்களும் ஆசிய மருத்துவர்களும் பட்ட அவமானம் தனிக்கதை. ஆனாலும் ஒரு செவிலியரை 38 ஆண்டு மையத்தில் வைத்துக் கதை சொல்ல அவர்களால் முடிந்தது. நம் தொடர்களில் செவிலியர் ‘டாக்டர், பேஷண்ட் கண் முழிச்சிட்டார்’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார். ஸ்ட்ரெச்சர் தானாக உருளும். தள்ளுகிறவரின் முகம் சட்டகத்துக்கு வெளியே இருக்கும். ரத்தம் சிந்திய தரையை யார் துடைத்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை, ஏனென்றால் அடுத்த காட்சியில் தரை பளபளக்கும்.

அந்தத் தரையைத் துடைப்பவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பிணவறைக்குக் கொண்டுபோவது எல்லாம் இன்று பெரும்பாலும் தனியார் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக. நிரந்தரப் பணி இல்லை, சம்பளம் கையில் முழுதாக வராது. தேனி மாவட்டத்தில் அந்த வேலையில் எந்தச் சமூகத்துப் பெண்கள் அதிகம் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்றாலே போதும். அருந்ததியர் பெண்கள் தங்கள் பாட்டிமார் தெருவில் செய்த வேலையை இப்போது சீருடையில் செய்கிறார்கள். ‘பல்நோக்குப் பணியாளர்’ என்பது அந்த வேலையின் புதுப்பெயர்.

உண்மையான சங்கமம் பார்க்க வேண்டுமானால் க.விலக்குக்கு வாருங்கள். கண்டமனூர் விலக்கு என்பதன் சுருக்கம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் வந்தபிறகு எங்கள் பள்ளத்தாக்குக்கு ‘பெரியாஸ்பத்திரி’ என்பது மதுரையிலிருந்து அங்கே பாதி இடம் மாறியது. கோம்பையிலும் தேவாரத்திலும் உத்தமபாளையத்திலும் கைவிட்ட கேஸ் எல்லாம் அங்கேதான் போகும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் ஜீப்பில் அடைந்துகொண்டு மலையேறுகிற பெண்கள், ஜீப் கவிழ்ந்தால் அங்கே வருவார்கள். திராட்சைக்கு மருந்தடித்து மயங்கியவர், வருசநாட்டிலிருந்து வந்த பிரசவக் கேஸ், பூச்சிமருந்து குடித்தவர், கம்பத்தில் கடை வைத்திருக்கும் ராவுத்தர், ஆண்டிபட்டி நெசவாளி எல்லாரும் ஒரே வார்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. நான்கு தலைமுறையாக ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்காராத குடும்பங்கள் அங்கே அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கின்றன. ஒருவர் ப்ளாஸ்க்கில் வெந்நீர் வாங்கப் போகும்போது அடுத்த கட்டிலுக்கும் வாங்கி வருகிறார். சில நேரம் வாங்குவதில்லை. யார் யாருக்கு வாங்குகிறார், யார் தன் டம்ளரை மறைத்து வைக்கிறார் என்பதை மட்டும் கவனித்து ஒருவர் எழுதினால் நூறு அத்தியாயம் வரும். நம் தொலைக்காட்சிக்கு இது தெரியாதா என்ன? இந்த வார்டுக்குக் கேமராவைக் கொண்டுபோனால் சாதியைச் சொல்லாமல் கதை நகராது. அதனால்தான் தொடரின் மருத்துவமனை எப்போதும் தனியார் மருத்துவமனை. கண்ணாடிக் கதவும் பூச்செண்டும் வரவேற்பு மேசையும் கொண்டது.

அந்த வரவேற்பு மேசைக்கு நானும் போயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. பள்ளத்தாக்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மேசையில் இருந்த பெண் கணினியில் பெயர், வயது எல்லாம் தட்டினார். ஊர் கேட்டார். கோம்பை என்றோம்.

“கோம்பைல எந்தத் தெரு?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தாயி” என்றார் பெரியம்மா.

“பின்னாடின்னா? எந்தப் பக்கம்மா?”

“அதான் தாயி, பின்னாடி. காச்சலு நாலு நாளா இருக்கு.”

பெரியம்மாவுக்கு நாற்பது ஆண்டு அனுபவம். கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். காய்ச்சலைக் காட்டித் தெருவை மறைத்தார். அந்தப் பெண் விடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது நான் தெருவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அதன்பின் ‘அம்மா’ என்ற விளி வரவே இல்லை. ‘அங்க போய் உக்காருங்க’ என்பது ‘அங்க போய் உக்காரு’ ஆனது. காய்ச்சலுக்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். விண்ணப்பத்தில் கட்டம் இருக்கிறது என்றார். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. எந்தத் தெரு என்று கேட்கிற வாய்க்கு அந்தச் சொல் தேவைப்படுவதே இல்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியரின் கடிதத்தைப் பதிவுசெய்கிறார். 1929இல் ‘யங் இந்தியா’ இதழில் வந்த கடிதம். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். கெஞ்சியபின் வருகிறார், ஆனால் பிள்ளை பெற்று இரண்டு நாளான பெண்ணை வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவியிடம். திரும்பி வருவதும் அதே வழியில். மருத்துவர் தூரத்திலிருந்தே நோயைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். ஒரு வெப்பமானி மூன்று கை மாறிய அந்தச் சில நிமிடங்களுக்கு இணையான மருத்துவமனைக் காட்சி ஒன்றைத் தமிழ்த் தொலைக்காட்சி இதுவரை எடுத்திருக்கிறதா?

அவர்கள் எடுப்பது ரத்ததானக் காட்சி. ஆதிக்கச் சாதிப் பெரியவர் உயிருக்குப் போராடுவார். அவரால் அவமதிக்கப்பட்ட சேரி இளைஞன் ரத்தம் கொடுப்பான். பெரியவர் கண் திறந்து கைகூப்புவார். ‘ரத்தத்துக்கு ஏது சாதி’ என்று யாராவது சொல்வார்கள், புல்லாங்குழல் ஒலிக்கும். எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்! இந்தக் காட்சியை நம்மில் சிலரே பகிர்ந்து மகிழ்வதுண்டு. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மனிதன் என்று ஏற்கப்படுவதற்கு நம் பிள்ளை 350 மில்லி ரத்தம் கொடுத்தாக வேண்டுமா? அடித்தவன் பிழைப்பதற்கு அடிபட்டவன் படுக்க வேண்டும், அதற்குப் பிறகு அடித்தவன் திருந்தியதைப் பார்த்து நாம் கண்கலங்க வேண்டும். ரத்தம் உடம்புக்குள் போனது, சரி. அந்த இளைஞன் பெரியவர் வீட்டுக்குள் போனானா? அவர் மகளைக் காதலித்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்பதை 2025 ஜூலை 27 சொன்னது. ஏரல் அருகே ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ், சிகிச்சைக்காகத் தன் தாத்தாவை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் நேசித்த பெண் அங்கே சித்த மருத்துவர். கவின் தேவேந்திரகுல வேளாளர், பெண் வேறு சாதி. கேடிசி நகரில் பட்டப்பகலில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரர் கைதானார், காவல்துறையில் உதவி ஆய்வாளரான தந்தையும் கைதானார். கவினின் பெற்றோர் ஐந்து நாள் உடலை வாங்க மறுத்து நின்றார்கள்.

நோயாளியாக ஒரு முதியவர், மருத்துவராக ஓர் இளம்பெண், அவரை நேசிக்கிற ஓர் இளைஞன். தொடர் எழுதுகிறவர்கள் நாள்தோறும் தேடுகிற அதே மூன்று பாத்திரங்கள். இந்த நாட்டில் மருத்துவமனை வாசலில் இரண்டு சாதிகள் உண்மையிலேயே கலக்க முயன்றால் கதை பிணவறைக்குப் போகிறது. தொலைக்காட்சியின் சங்கமத்தில் யாரும் சாகாததற்குக் காரணம் அங்கே யாரும் கலக்கவில்லை என்பதுதான்.

யார் மருத்துவர் ஆகிறார்கள் என்பதும் கதைதான். தொடரின் மருத்துவருக்கு மருத்துவம் பரம்பரைச் சொத்து போல வரும். எப்படிப் படித்தார், யார் கட்டணம் கட்டினார் என்ற கேள்விக்கே இடமில்லை. 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் தடுக்கப்பட்டு 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்ட குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2019 மே மாதம் மும்பை நாயர் மருத்துவமனையில் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி, மூத்த மாணவிகளின் சாதிய வதைக்குப் பிறகு இறந்தார் என்பது அவர் குடும்பத்தின் குற்றச்சாட்டு, வழக்கும் அதுதான். பயிற்சி மருத்துவர் அறை, இரவுப் பணி, மூத்தவர்களின் ஏச்சு என்று ‘ஹார்ட் பீட்’ காட்டுகிற அதே உலகம்தான் பாயலின் உலகமும். சாதி என்ற ஒரு சொல் அங்கே நுழைந்தால் தொடரின் செல்லச் சண்டைகளுக்கு என்ன பொருள் வரும் என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபின் நூறுநாள் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டு வார்டுக்குள் வருகிறார்கள். ‘கோட்டாவா?’ என்ற கேள்வியை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். தன் தாய்வழிப் பாட்டி தரை துடைத்த மருத்துவமனையிலேயே பயிற்சி மருத்துவராகச் சேரும் ஒரு பெண், அங்கே இன்னும் துடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரை என்ன முறை சொல்லி அழைப்பார்? ‘அத்தை’ என்றா, ‘ஏம்மா’ என்றா? எந்த டிஎன்ஏ உறையையும்விட எனக்கு இந்த ஒரு விளியில் பதற்றம் அதிகம்.

இதற்கு வழக்கமான பதில்கள் இரண்டு. முதலாவது, சாதியைக் காட்டினால் பிரச்சினை வரும் என்பது. சாதியை அவர்கள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘பாரதி கண்ணம்மா’வில் மருமகளின் கறுப்பு நிறம்தான் மாமியாருக்குத் தீட்டாக இருந்தது. கறுப்பை ஒதுக்கும் ஒவ்வொரு காட்சியும் சாதியக் காட்சியின் அச்சு அசலாக எடுக்கப்பட்டது. சாதி என்ற சொல் இருந்த இடத்தில் நிறம் என்ற சொல்லை வைத்தார்கள், அவ்வளவே. அதனால் என்ன ஆனது? மாமியார் மனம் மாறினால் தீர்ந்துவிடும் சிக்கலாகச் சாதி சுருங்கிப்போனது.

இரண்டாவது பதில் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. ‘சீரியல்தானே தோழர், அதைப் போய்…’ என்பார்கள். இலக்கியம், சினிமா என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் சீரியல் என்றால் உதட்டைப் பிதுக்குகிறோம். அதைப் பார்ப்பவர்கள் பெண்கள், அதிலும் உழைக்கும் பெண்கள் என்பதைத் தவிர இந்த இளக்காரத்துக்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விடியலில் ஜீப் ஏறி, அந்தியில் ஏலக்காய் மணத்தோடு இறங்கி, சோறாக்கிவிட்டு எட்டு மணிக்குக் கால் நீட்டி உட்காரும் எங்கள் ஊர் அக்காமார்கள் முட்டாள்கள் இல்லை. டிஎன்ஏ பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது ‘இந்த டாக்டரு பரிச்சைல பாசானானா இல்லையா’ என்று கேட்டது மீம் போடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்கள்தான். நல்ல கதை கொடுத்தால் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கதை எழுதும் அறைக்குள் அவர்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை என்பதுதான் கேள்வி. திரைப்படத்தில் ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் உடைத்துத் திறந்த கதவு, தொலைக்காட்சியில் இன்னும் தட்டப்படவே இல்லை. நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்தாறு நாள், நான்கு ஆண்டு என்று வீட்டுக்குள் ஓடும் ஒன்றைச் சாதி ஒழிப்பு அரசியல் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு நமக்கு ஒரு விளக்கமும் இல்லை.

நம் நண்பர்களில் திரைக்கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டிலிருந்து ஒரு கதை, அதே மருத்துவமனையின் பிணவறையிலிருந்து இன்னொரு கதை. இரண்டும் தனித்தனித் தொடராக யூடியூபில் ஓடட்டும். பொங்கலுக்கு இரண்டும் சந்திக்கட்டும். மேலே ஒரு பிள்ளை பிறக்கிறது, கீழே உடலை வாங்க மாட்டோம் என்று ஒரு குடும்பம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு இடத்துக்கும் ஒரே ஒப்பந்தத் தொழிலாளி வாளியோடு போய் வருகிறார். அன்று அவருக்கு விடுமுறை கிடையாது. ஒப்பந்தக்காரர் பொங்கல் போனஸ் தரவில்லை. அவருடைய கைப்பேசியில் மகளிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, கையில் உறை இருப்பதால் எடுக்க முடியவில்லை. முதல் அத்தியாயத்தை இந்த அழைப்பில் தொடங்கலாம் என்பது என் யோசனை. எழுத முன்வருகிறவர்கள் சொல்லுங்கள், க.விலக்கு வாசலில் டீக்கடையில் உட்கார்ந்து பேசலாம்.